அளவு அக்காவின் ராக்கெட்

எங்கள் கடையில் புதுத்துணி தைப்பதில்லை. மற்றவர்கள் தைத்ததைத் திருத்துவதுதான் எங்கள் பிழைப்பு. தொளதொளப்பதைப் பிடித்துக் கொடுப்போம், இறுக்குவதைப் பிரித்து விடுவோம், ஜிப் மாற்றுவோம், ஓரம் அடிப்போம். திருத்துவது அக்கா. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஆகலையா" என்று வந்து நிற்பவர்களோடு மல்லுக்கட்டுவது நான். எனக்குப் பொறுமை கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். அக்காவுக்கும் கிடையாதுதான். ஆனால் அவள் வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை.

தெருவில் அவளுக்கு அளவு அக்கா என்று பெயர். ஒருவர் கடை வாசலில் காலை வைக்கும்போதே அவருக்கு வலது தோள் இறக்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலர் கோணலாக இருந்தால் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருப்பாள். என் கல்யாண போட்டோவை எப்போது பார்த்தாலும் மாப்பிள்ளைக்கு இடது கை நீளம் என்பாள். அந்த மாப்பிள்ளையோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டிய எனக்குச் சொல்ல எத்தனையோ குறை இருக்கிறது. அவள் கண்ணில் பட்டது சட்டைக் கை மட்டும்தான்.

இவ்வளவு இருந்தும், கேட்காமல் யார் துணியிலும் ஊசி வைக்கமாட்டாள். "கேக்காம தொட்டா அது திருத்தறது இல்லடி, குத்தம் சொல்றது" என்பாள். அதனால் தெருவில் நடக்கும் கோணல்களையெல்லாம் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருப்பாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்களெல்லாம் அளவில் அடிபட்டுப் போனார்கள். ஒருவர் பேச்சில் லூஸ், இன்னொருவர் செலவில் டைட். நல்லவராக வந்த ஒருவர், தான் சொன்ன ஜோக்குக்குத் தானே தேவைக்கு மேல் சிரித்தார் என்று வேண்டாம் என்றுவிட்டாள். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். நான் மட்டும் விடவில்லை. விட்டால் காலம் முழுக்க என் வீட்டுத் திரைச்சீலையையே முறைத்துக்கொண்டிருப்பாள் என்ற பயம் எனக்கு.

எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் மனைவியை இழந்து பல வருஷம் ஆனவர். சாதுவான மனிதர். ஆனால் அவருடைய பேன்ட் எல்லாமே நீளம். குதிகாலில் மிதிபட்டு மிதிபட்டு ஓரம் பஞ்சாகியிருக்கும். அக்கா மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தினால் நேர் எதிரே அந்தப் பேன்ட்தான். அவளுக்கு ரத்தக் கொதிப்பு வந்ததே அதனால்தான் என்று நான் டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் அவர் ரோட்டைக் கடந்து எங்கள் கடைக்கு வந்தார். ஒருவழியாகப் பேன்ட் வருகிறது என்று அக்கா ஊசிப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் பையிலிருந்து எடுத்ததோ கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய, எட்டு மூலை வைத்த, கிழிந்த துணி ஒன்று.

"என்ன சார் இது, பொம்மைக்குக் குடையா?" என்று நான் கேட்டேன்.

"பாராசூட்டுங்க. என் ராக்கெட்டோடது. மரத்துல மாட்டிக்கிச்சு."

அட்டைக் குழாயில் லேசான மரக்கட்டை இறக்கைகளை ஒட்டி, வாலில் கருமருந்து அடைத்த குப்பி ஒன்றைச் செருகி, ஆகாயத்தில் விடுவது அவருடைய பொழுதுபோக்கு. உச்சிக்குப் போனதும் அந்தக் குப்பியே இன்னொரு முறை உள்ளே வெடித்து ராக்கெட்டின் கூம்பு மூக்கைத் தள்ளிவிடுமாம். பாராசூட் விரிய, ராக்கெட் ஆடி ஆடி இறங்குமாம். ஊருக்கு வெளியே காலி மைதானத்தில் சனிக்கிழமை தோறும் இதற்கென்றே ஒரு கூட்டம் கூடுகிறதாம். வயசு ஐம்பதைத் தொட்ட ஆள் இதைச் சொல்லும்போது கையெல்லாம் ஆகாயத்தில் இருந்தது.

அக்கா ஓரம் அடித்துக் கொடுத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து தன் கடை லென்ஸை எடுத்து அந்தத் தையலை மூலைக்கு மூலை பார்த்தார். "இவ்வளவு நேரான தையலை நான் பார்த்ததே இல்லீங்க" என்றார். அக்கா வாயில் குண்டூசி இருந்ததால் பதில் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்தது. அதற்குப் பிறகு வாராவாரம் அவர் பாராசூட் மரத்தில் மாட்டிக் கிழிந்தது. அந்த மைதானத்தில் இருப்பதே ஒரே ஒரு மரம்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது காற்றின் வேலையா அவர் வேலையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஒருநாள் அவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அக்காவின் மேஜையில் வைத்தார். "எப்பவும் என்னோடதையே தைச்சுக் கொடுக்கறீங்க. இதை நீங்களே செஞ்சு பாருங்க" என்றார். பெட்டியின் மேல் ஒரு நிஜ ராக்கெட்டின் போட்டோ. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு, மிடுக்காக நின்றுகொண்டிருந்தது. உள்ளே அதைப் போலவே செய்வதற்கான குழாய், மூக்கு, கட்டைத் துண்டுகள். கூடவே பொடி எழுத்தில் ஒரு செய்முறைத் தாள். அக்கா அந்தத் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷின் காலுக்கு அடியில் வைத்தாள். "படம் இருக்கு. அது போதும்."

ஒரு வாரம் கடைக்குள்ளே கால் வைக்க முடியவில்லை. வெட்டும் மேஜை முழுக்க ராக்கெட். அட்டைக் குழாயின் மேல் சுருள் சுருளாக ஓடும் ஒட்டுக்கோட்டைக்கூட அவள் விடவில்லை. பசை பூசி, நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்தாள். மூக்கையும் உடம்பையும் பிணைக்கக் கொடுத்திருந்த ரப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு, பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக்கை வைத்தாள். பிளாஸ்டிக் பாராசூட்டைப் பார்த்து முகம் சுளித்து, ஒரு பழைய கோட்டின் நீல லைனிங்கில் புதிதாக வெட்டி, பட்டன் துளை அடிக்கும் காஜா நூலில் கயிறு கட்டினாள். வாடிக்கையாளர்கள் வந்து கேட்டால், "அக்கா ராக்கெட்ல இருக்காங்க" என்று சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது.

பிறகு இறக்கை. டேப்பைப் போட்டோ மேல் வைத்து அளந்தவள், "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டாள். "இறக்கை லூஸ்டி."

"ராக்கெட்டுக்குமா லூஸ்?"

"படத்துல பாரு. உடம்புக்கு இறக்கை எவ்வளவு இருக்கு? இவங்க கொடுத்திருக்கறது ரெண்டு சைஸ் பெரிசு. அப்பா சட்டையைப் பையன் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு."

"கம்பெனிக்காரன் தெரிஞ்சுதானே செஞ்சிருப்பான்?"

"ரெடிமேட்காரன் எவன் அளவு தெரிஞ்சு செஞ்சிருக்கான்? அதனாலதானே நம்ம கடை ஓடுது."

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரும் இதற்கு மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அவள் சாக்கட்டியால் கோடு போட்டு, நாலு இறக்கையையும் போட்டோவில் இருந்த அளவுக்கு வெட்டினாள். ஒட்டி முடித்ததும் அச்சு அசல் அந்தப் போட்டோவேதான். எனக்கே அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். ராக்கெட்டைத் துணி போட்டு மூடிவிட்டோம். வழக்கம்போலக் கிழிந்த பாராசூட் ஒன்றை நீட்டினார். நீட்டிய கையை எடுக்காமலே, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டுங்களா?" என்று அக்காவிடம் கேட்டார்.

மெஷின் நின்றது. நான் கல்லாவில் இருந்த பேனா ஸ்டாண்டைக் கீழே தட்டிவிட்டேன். அக்கா துணியை வாங்கிக்கொண்டு, இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னாள்.

"சனிக்கிழமை வாங்க."

"சரிங்க" என்று அவர் போய்விட்டார். போகும்போது பேன்ட் காலை மிதித்து வாசலில் ஒரு தடுமாற்றம் வேறு.

அன்று கடையைப் பூட்டும்போது நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா, கல்யாணம் கேட்ட மனுஷனுக்கா ரசீது கிழிப்ப?"

அவள் சிரிக்கவில்லை. "பயமா இருக்குடி" என்றாள். "இத்தனை பேர்கிட்டயும் அரை இஞ்ச் குறை கண்டுபிடிச்சேன். இவர்கிட்ட அந்தப் பேன்ட்டைத் தவிர ஒண்ணும் கிடைக்கல. அதான் பயம்."

எனக்குப் பாவமாகிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "அப்ப சரின்னு சொல்லிட வேண்டியதுதானே" என்று எரிந்து விழுந்தேன்.

"ராக்கெட் சொல்லட்டும். சனிக்கிழமை விடப் போறோம் இல்ல? நேரா மேல போச்சுன்னா சரி. கோணிச்சுன்னா வேணாம்."

"கல்யாணத்தைப் போய்ப் பட்டாசுகிட்டயா கேப்ப?"

"நான் பண்ணினது. கோணாது." பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது அவருக்குத் தெரியக் கூடாது. வாயைத் திறந்த, உன் துணி எல்லாத்தையும் ஒரு சைஸ் பிடிச்சுடுவேன்" என்றாள்.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனோம். மடக்கு மேஜை, ராக்கெட்டை ஏற்ற வரிசையாக நட்டு வைத்த கம்பிகள், அவற்றிலிருந்து ஓடும் ஒயர், ஒயர் முனையில் சிவப்புப் பொத்தான் வைத்த பெட்டி. பெட்டியைக் காவல் காத்தவர் ஒரு பஸ் டிரைவர். மற்ற நாட்களில் எங்களை ஸ்டாப்பில் ஏற்றாமல் போகிறவர்தான். இங்கே குழந்தை மாதிரி இளித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர்தான் அங்கே சோதனை அதிகாரி. எந்த ராக்கெட்டும் அவர் கையால் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே கம்பியில் ஏறும்.

அக்கா துணியை விலக்கி ராக்கெட்டைக் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இந்த ஃபினிஷிங்கைப் பாருங்க. குழாயில கோடே தெரியல பாருங்க" என்று பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல ஒவ்வொருவரிடமும் காட்டினார். காட்டிக்கொண்டே வந்த கட்டைவிரல் வாலுக்குப் போய் நின்றது. முகமும் நின்றது.

"இறக்கை..."

"ரொம்ப லூஸா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்" என்றாள் அக்கா.

பஸ் டிரைவர் இருமினார். கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். "அசலுக்கு உள்ளேயே திசை பார்த்துத் திருப்பற மெஷின் இருக்குங்க. இதுக்கு இறக்கையை விட்டா வேற துணை இல்லை. அசலை அப்படியே சின்னதாக்கினா நிலைச்சுப் பறக்காதுன்னுதான் வேணும்னே பெரிசாக் கொடுத்திருக்காங்க. அந்தத் தாள்ல போட்டிருக்குமே."

"அது மெஷின் காலுக்கு அடியில இருக்கு" என்றேன் நான்.

"அப்ப என் அளவு தப்பா?" அக்காவின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அளவு சரிதாங்க. அதுதான் பிரச்சினை."

அவர் குப்பியைச் செருகி, ராக்கெட்டின் எடை சமமாக நிற்கும் இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, தலைக்கு மேலே சுற்றினார். நன்றாகப் பறக்கும் ராக்கெட் என்றால் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு சுற்றுமாம். அக்காவின் ராக்கெட் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு சுற்றியது. அவர் கயிற்றை இறக்கினார். "மன்னிச்சுக்கங்க. இதை விட முடியாது."

என் ரத்தம் கொதித்தது. தன் கல்யாணத்தைத் தானே நிறுத்துகிற மனிதரை நான் அப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறேன். அவரை மேஜைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"சார், கண்டுக்காம விட்டுடுங்க."

"திரும்பி நம்ம மேலயே வருங்க."

"வரட்டும்."

"யார் மேலயாவது பட்டுச்சுன்னா?"

"என் மேல படட்டும் சார். நான் எழுதிக் கொடுக்கறேன்."

"எதுக்குங்க உங்களுக்கு இவ்வளவு அவசரம்?"

வாய்வரை வந்ததை விழுங்கினேன். ஒரு சைஸ் பிடித்தால் எனக்கு எந்தத் துணியும் ஏறாது. அவர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு அக்காவிடம் போனார். "மூக்குல கொஞ்சம் கனம் ஏத்தினா சரியாயிடுங்க. ஆனா அதுக்கு வைக்கற களிமண் தீர்ந்துபோச்சு. அடுத்த வாரம் வேணும்னா..."

"அடுத்த வாரம் இல்லை" என்றாள் அக்கா. கைப்பையைத் திறந்து, பட்டன் அளவு ஈயத் துண்டுகளை மேஜையில் கொட்டினாள். திரைச்சீலை காற்றுக்கு எழும்பாமல் இருக்க அடி மடிப்பில் வைத்துத் தைக்கிற துண்டுகள். "பறக்காம இருக்கத்தான் இதை வைப்போம்" என்று முணுமுணுத்துக்கொண்டே மூக்குக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு, பசை விட்டு, துணி வைத்து அடைத்தாள். அவர் மறுபடி சுற்றினார். இன்னும் இரண்டு துண்டு. மறுபடி சுற்றினார். ராக்கெட் கொஞ்சம் தயங்கியது, தலையை ஆட்டியது, பிறகு மூக்கை முன்னால் நீட்டியது. கூட்டம் கைதட்டியது. நான் விசிலே அடித்துவிட்டேன்.

"விடலாங்க" என்றார் அவர். "ஆனா சுமாராத்தான் நிக்குது. காத்தடிச்சா சாயும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் காற்றைப் பார்த்தேன். மைதானத்து ஓரத்தில் அந்த ஒற்றை மரத்தின் இலை அசைந்துகொண்டுதான் இருந்தது.

ராக்கெட்டைக் கம்பியில் ஏற்றி, எல்லோரும் தள்ளி நின்றோம். பஸ் டிரைவர் ஐந்திலிருந்து இறக்கி எண்ண, கூட்டமும் சேர்ந்து எண்ணியது. பூஜ்ஜியத்தில் அக்கா பொத்தானை அமுக்கினாள். சீறல் ஒன்று கேட்டது, வெள்ளைப் புகை எழுந்தது, கம்பியில் ராக்கெட் இல்லை. அண்ணாந்து பார்த்தால் மேலே, மேலே, சாக்கட்டியால் கோடு கிழித்தாற்போல நேராகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

அப்போது காற்று வந்தது. ராக்கெட் சாய்ந்தது. கொஞ்சநஞ்சச் சாய்வு இல்லை. மைதானத்தின் மேல் பெரிய வில்லாக வளைந்து மரத்தின் பக்கம் போயிற்று. உச்சியில் டப் என்று ஒரு சத்தம் கேட்டது. நீல லைனிங் விரிந்தது. மூலைக்கு மூலை ஒழுங்காக விரிந்த அந்தப் பாராசூட்டைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் குதிப்பதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தேன்.

அவள் ராக்கெட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதர் அண்ணாந்தபடியே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். பேன்ட் தடுக்கி விழுந்தார். எழுந்து ஓடினார். மறுபடி தடுக்கினார். ராக்கெட் போய் மரத்தில் உட்கார்ந்தது. அவர் அந்தப் பேன்ட்டோடு மரத்தில் ஏறி, பாராசூட்டின் கயிறுகளை ஒவ்வொன்றாக, ஒரு நூல்கூட அறுபடாமல் கிளையிலிருந்து விடுவித்து, ராக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். திரும்பி வந்தபோது தலையில் இலை, முழங்காலில் மண், பேன்ட்டின் ஒரு கால் ஓரம் முழுசாகப் பிரிந்து தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"நேராத்தான் போச்சு" என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரை நூல் கோணலுக்கு முழுத் தையலையும் பிரிக்கிறவள் இவள்.

"இல்லீங்க" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "நல்லா சாஞ்சுடுச்சு."

"நேராத்தான் போச்சு சார்."

"எப்படிங்க? இத்தனை பேர் பார்த்தாங்களே. விட்டது அங்க, விழுந்தது இங்க. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு நான் பொய் சொல்ல முடியாது. இதை நேருன்னு ஒத்துக்கவே முடியாதுங்க."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. துணி போனால் போகட்டும். "சார், கொஞ்சம் வாயை மூடுங்க" என்றேன். "அது நேராப் போனா உங்களுக்குச் சரின்னு சொல்றதா அக்கா முடிவு பண்ணியிருக்கா. அவ நேருங்கறா. நீங்க நின்னு இல்லை இல்லைங்கறீங்க."

அவர் கையிலிருந்த ராக்கெட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையில் துடைத்து, மாட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத ஆகாயத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"காத்தைக் கழிச்சுட்டுப் பார்த்தா" என்றார் கடைசியில், "நேர்தாங்க."

பஸ் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, முகம் மட்டும் நனைந்திருந்தது. அக்கா சிரிக்கவில்லை. முந்தானையில் செருகி வைத்திருந்த குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் புல்லில் மண்டியிட்டு, அவருடைய பேன்ட் ஓரத்தை மடித்துப் பிடித்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

"அசையாம நில்லுங்க."

அவர் மூச்சுக்கூட விடாமல் நின்றார். அவள் ஒரு காலை முடித்து மறு காலுக்கு நகர்ந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, நான் சனிக்கிழமை வரட்டுங்களா?"

"இன்னிக்கு சனிக்கிழமைதான்" என்றாள் அக்கா, குண்டூசி வாயோடு.